உயிலில் இருந்து வந்த மாப்பிள்ளை

செங்குளம்புதூர் வாகையடித் தெரு பதினான்காம் எண் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. வீட்டுக்காரர் ஆவுடையப்பன் இருபத்துநாலு வருஷத்துக்கு முன் எழுதிய தன் உயிலை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அவளும் உரக்க வாசித்து முடித்த நாலாவது நிமிடம் அது. வந்தவரிடம் இரண்டு பித்தளைக் குடங்களும் ஒரு பெரிய அண்டாவும் ஒரு ஜோடிக் குத்துவிளக்கும் இருந்தன, எல்லாவற்றிலும் உலகம்மாள் என்று பெயர் வெட்டியிருந்தது. பெயர் இல்லாதது அவருக்குத்தான். அவர் கதவைத் தட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை, செருப்புக் காலோடு நேராகக் கூடத்துக்கு வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, "மாமா, சௌக்கியமா?" என்றார்.

"யாரு?" என்றாள் உலகம்மாள், கையில் உயிலோடு.

"மாப்பிள்ளை" என்றார் அவர்.

ஆவுடையப்பனுக்கு எண்பது வயது. போன மாதம் கண்ணில் புரை எடுக்கப் போனபோது நீட்டிய தாளில் தன் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டவரை, "வாசிச்சுப் பாக்காமலா போடுதீங்க? உங்க கண்ணையே எழுதி வாங்கிட்டா என்ன செய்வீங்க?" என்று நர்ஸ் பிள்ளை ஒரு சத்தம் போட்டுவிட்டாள். பச்சைத் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்திருந்த ஒரு வாரமும் அவருக்கு அதே நினைப்புதான். வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட இன்னொரு தாள் பீரோவில், பாச்சா உருண்டை வாசத்தில், மகன் குத்தாலிங்கத்தின் பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அடியில் கிடப்பது ஞாபகம் வந்தது. அதை எடுத்துப் பார்த்து, காலத்துக்குத் தக்கபடி ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் மாற்றிவிடலாம் என்றுதான் மகளைக் கூப்பிட்டார்.

உலகம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. வீட்டின் முன்பக்கத்தில் இருக்கும் மோட்டார் கடையில், எரிந்துபோன கிணற்று மோட்டார்களைப் பிரித்து, உள்ளே கருகிய கம்பிச்சுருளான காயிலை உருவி எறிந்து, புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, சுற்றுப்பட்டு ஒன்பது ஊர் வயல்களுக்குத் தண்ணீர் ஓடவைத்துக்கொண்டிருந்தாள். வரன் வந்த காலத்திலெல்லாம் அவள் கையில் ஒரு காயில் பாதியில் இருந்தது, அதை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வந்தவர்கள் காப்பி குடித்துப் போயிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் உயிலில் வேறு நடந்திருந்தது. வீடு, கடை, குளத்துக்குக் கீழே இருக்கும் வயல் ஆகிய மூன்றும் மகன் குத்தாலிங்கத்துக்கு என்று எழுதிவிட்டு, அதன் கீழே இப்படி ஒரு வரி இருந்தது: "என் மகள் உலகம்மாளுக்கு உரிய காலத்தில் சீர்வரிசைகளுடன் திருமணம் செய்வித்து நல்ல இடத்தில் வாழவைத்துவிட்டபடியால், மேற்படி சொத்துகளில் அவளுக்கு யாதொரு பாத்தியமும் இல்லை."

அதை எழுதியவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருக்கும் பத்திர எழுத்தர் நல்லபெருமாள். அவரிடம் நீள நோட்டு ஒன்றில் உயிலுக்கு ஒரு மாதிரி உண்டு, பெயரையும் சொத்தையும் மாற்றிப் போட்டு அதைத்தான் ஊருக்கே எழுதிக் கொடுத்தார். பெண் இருக்கிற வீடென்றால் இந்த வரியும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. உயில் செல்லுபடியாகிற நாளுக்குள் எப்படியும் ஆகியிருக்கும்தானே என்பது அவர் கணக்கு. எல்லா வீட்டுக்கும் அந்தக் கணக்கு சரியாக வந்தது, பதினான்காம் எண்ணைத் தவிர.

"நாப்பத்தெட்டு வருஷமா இந்த வீட்டுலதான் இருக்கேன், பேப்பர்ல நான் இல்லையேப்பா" என்றாள் உலகம்மாள்.

"எல்லாருக்கும் போடுத வரின்னு சொன்னாரும்மா. நானும் வாசிக்கல" என்றார் ஆவுடையப்பன், பிரம்பு நாற்காலியைப் பார்க்காமல்.

ஊர் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் கழித்து ஏன் வந்தார் என்று ஓரிருவர் கேட்டார்கள். இதுவரை அந்த உயிலை யாரும் உரக்க வாசிக்கவில்லையே, கூப்பிடாத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவார் என்று பக்கத்து வீட்டுத் தெய்வானை திருப்பிக் கேட்டாள், அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தெய்வானைக்கு இருந்த ஒரே மனத்தாங்கல், கல்யாணத்துக்குத் தன்னை அழைக்கவில்லை என்பதுதான். மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, நாலாம் நாள் இட்லிக்கு அரிசி ஊறவைக்கிறேன் என்று சீர் அண்டாவை இரவல் வாங்கிப் போனாள், திருப்பித் தரவில்லை.

மாப்பிள்ளை டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். எந்த ஊர் என்று கேட்டால் "நல்ல இடம்" என்றார், உயிலில் அப்படித்தான் இருந்தது, அதற்கு மேல் அவருக்கே தெரியாது. கோவிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்ட பூசாரி, பதில் வராததால் சாமி பேருக்கே செய்து தட்டைக் கொடுத்தார். ரேஷன் கார்டில் சேர்க்கலாம் என்று கூட்டிப்போன இடத்தில் இயந்திரம் அவர் விரலை ஏற்கவில்லை. பார்த்தால் பத்து விரலிலும் ஒரு ரேகை இல்லை, கழுவிய கிண்ணத்தின் அடிப்பக்கம் போல வழுவழுவென்று இருந்தது. முகத்தைப் பற்றியும் யாராலும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை, பார்த்தவர்களெல்லாம் எங்கள் வீட்டு மாப்பிள்ளை சாயல் என்றார்கள், ஒருவர் சொன்ன சாயலும் இன்னொருவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை.

செய்தி பரவியதும் நல்லபெருமாளின் மேஜைக்கு முன்னால், பெண்ணுக்கு வரன் அமையாத பெற்றோர்கள் ஏழு ஊரிலிருந்து வந்து வரிசையில் நின்றார்கள். அந்த வரியைப் போட்டு எங்களுக்கும் ஓர் உயில் எழுதுங்கள் என்றார்கள், உத்தியோகம், உயரம், குடிக்காத பழக்கம் எல்லாம் சேர்த்துப் போடச் சொன்னார்கள், எழுதி வாங்கிப்போய் வாசலில் நின்று மைக் வைத்துக்கூட வாசித்துப் பார்த்தார்கள். ஒரு மாப்பிள்ளையும் வரவில்லை. வேண்டுமென்றே எழுதினால் வராது போல, தெரியாமல் எழுதினால்தான் வரும் என்று நல்லபெருமாள் விளக்கம் சொன்னார். அதன்பிறகு வந்தவர்கள், தெரியாமல் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள்.

மாடியில் பழைய மோட்டார்கள் கிடந்த அறையை ஒதுக்கி உலகம்மாள் அவருக்குப் பாய் போட்டுக் கொடுத்தாள். அவர் மாடியில், அவள் கீழே. தெரு இதைப் பற்றிப் பேசவில்லை என்றால் பொய், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் பேசவில்லை. ஆவுடையப்பனுக்குப் பேப்பர் வாசித்துக் காட்ட ஆள் கிடைத்தது. வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த ஆண்களுக்கு உட்கார்ந்து புலம்ப ஓர் இடம் கிடைத்தது, அவர் யாரையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பூப்பெய்திய பிள்ளைகளுக்கு மாலை எடுத்துக் கொடுக்கவும், புதுவீட்டில் பால் காய்ச்சும்போது ஆகிவந்த மனிதராக முன்னால் நிற்கவும் எல்லாரும் அவரையே கூப்பிட்டார்கள். இரண்டு மாதத்தில் அவர் ஊருக்கே மாப்பிள்ளையாகிவிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம். கோயம்புத்தூரில் இருந்த குத்தாலிங்கத்துக்கு எல்லாரையும்விடச் சந்தோஷம்.

அவன் வந்து இறங்கிய அன்று மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பித்தான். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். மோட்டார் கடையை இடித்துச் செல்போன் ஷோரூமுக்கு விட ஆள் பார்த்து வைத்திருந்தான்.

"உயிலைத் திருத்தப்போறதாச் சொன்னீங்களாமே. எதுக்குப்பா? அதுல உள்ளபடியே மாப்பிள்ளை வந்துட்டாரு, சீர் வந்துட்டு. ஒரு எழுத்து மாறாம எல்லாம் சரியா இருக்கு. உலகு இனிமே அவ வீட்டுக்குப் போகட்டும்."

"என் வீடு எங்க இருக்கு?" என்றாள் உலகம்மாள்.

குத்தாலிங்கம் மாப்பிள்ளையைப் பார்த்தான். மாப்பிள்ளை, சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே, "நல்ல இடம்" என்றார்.

அன்று ராத்திரியே உலகம்மாள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். எனக்கு வீடும் கடையும் வேண்டும், வயல் அண்ணனுக்கு இருக்கட்டும், உயிலை மாற்றுங்கள். ஆவுடையப்பன் சரி என்றார், அவருக்கு அதில் இரண்டாவது எண்ணமே இல்லை. தயங்கியது ஊர்தான். புது உயில் வந்தால் பழையது ரத்து, பழையது ரத்தானால் அந்த வரி போகும், அந்த வரி போனால் மாப்பிள்ளை போய்விடுவார் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது. தெய்வானை தலைமையில் பத்துப் பெண்கள் கடைக்கு வந்து நின்றார்கள்.

"ஏ உலகு, பேசாம விட்டுரேன். தங்கமான மனுஷன். உனக்குக் கஞ்சி ஊத்த மாட்டாரா?"

"இத்தன வருஷம் எங்கப்பாவுக்கு நான்தான் மயினி ஊத்துதேன்" என்றாள் உலகம்மாள், நிமிராமல்.

அவர்கள் போனபின் மாப்பிள்ளை கடைவாசலில் வந்து நின்றார். அவள் பெரிய மோட்டார் ஒன்றுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள், இரண்டு கையும் போதவில்லை, எரிச்சலில், "சும்மா நிக்கதுக்கு இந்தக் கம்பியைப் பிடிங்க, தளரவும் கூடாது, இறுகவும் கூடாது" என்றாள். வந்த நாளிலிருந்து யாரும் அவரை ஒரு வேலை செய்யச் சொன்னதில்லை, மாப்பிள்ளையிடம் யார் சொல்வார்கள்? அவர் பிடித்தார். மத்தியானம் வரை பிடித்தார். மறுநாள் கூப்பிடாமலே வந்து பிடித்தார், அதற்கடுத்த நாளும். செப்புக் கம்பி அவர் விரலிடுக்கில் ஓடிக்கொண்டே இருந்தது.

எட்டாவது நாள் அவள் கேட்டாள். "அந்த வரியை அடிச்சா நீங்க இருக்க மாட்டீங்கல்லா? தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"வருத்தமில்லையா?"

அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதை எழுதும்போது நல்லபெருமாள் உங்களை நினைக்கல. என்னையும் நினைக்கல. கை பாட்டுக்கு எழுதிட்டு. அந்த வரியில உங்களுக்கும் எடமில்ல, எனக்கும் ஒண்ணுமில்ல. நீங்க அடிங்க." ஒரு சுற்று ஓடியதும், "இந்தக் காயில் முடியுத வரைக்கும் இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

உலகம்மாள் குனிந்து அடுத்த சுற்றைப் போட்டாள். இந்த மனிதரை அவள் கட்டிக்கொள்ளவில்லை, கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை, ஆனால் கம்பியை இவ்வளவு பொறுமையாகப் பிடிக்கிற ஒருவரை இல்லாமல் ஆக்கத் தன் கையே வேண்டியிருக்கிறதே என்று அழுகை வந்தது. வார்னிஷ் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் புதன்கிழமை காலை வேப்பமரத்தடியில் ஊர் பாதி கூடிவிட்டது. நல்லபெருமாள் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வீட்டில் இருக்கிற மகளுக்கு எழுத அதில் வரியே இல்லை. ஐம்பது வருஷத் தொழிலில் முதல் தடவையாக நோட்டை மூடி வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். ஆவுடையப்பன் சொல்லச் சொல்ல, வியர்க்க வியர்க்க எழுதினார்: "என் மகள் உலகம்மாள் என்னோடு இருந்துவருகிறாள். மோட்டார் கடையை அவளே நடத்திவருகிறாள். அந்த வருமானத்தில்தான் நான் சாப்பிடுகிறேன். வீடும் கடையும் அவளுக்கே." அதன் கீழே, இதற்கு முந்தைய உயில் ரத்து என்று ஒரு வரி. ஆவுடையப்பன் துணி அவிழ்த்த கண்ணால் ஒவ்வொரு எழுத்தாக அவரே வாசித்தார், வாசித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

குத்தாலிங்கம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பழைய உயிலை அவனும் அடுத்தவர் சொல்லிக் கேட்டதுதான், ஒருநாள்கூட வாசித்ததில்லை. அப்பா சாப்பிடுகிற சோறு எதிலிருந்து வருகிறது என்று எழுத்தில் பார்த்ததும் இப்போதுதான். போய் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான்.

"சாட்சி ரெண்டு பேரு வேணும், சொத்துல பங்கில்லாதவுகளா" என்றார் நல்லபெருமாள். தெய்வானையின் வீட்டுக்காரர், பொண்டாட்டியைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் வந்தார். இரண்டாவது ஆளாக ஒருவரும் வரவில்லை. ஒருவர் செருப்பைத் தேடினார், ஒருவருக்குப் பஸ் வந்துவிட்டது, மாப்பிள்ளையை இல்லாமல் ஆக்குகிற கையெழுத்தைப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

"நான் போடுதேன். எனக்குத்தான் எதுலயும் பங்கில்லையே" என்றார் மாப்பிள்ளை.

ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டார். போட்டதும் மாப்பிள்ளையின் காலிலிருந்து செருப்பு முதலில் மறைந்தது, பிறகு வேட்டிக் கரையின் நிறம் வெளுக்கத் தொடங்கியது. தெய்வானை வீட்டில் அந்த நேரம் சீர் அண்டா இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது, ஊறவைத்த அரிசி மொத்தமும் அடுக்களைத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது என்று பின்னால் தெரிந்தது. முதல் சாட்சி அவசர அவசரமாகக் கிறுக்கினார். நல்லபெருமாள் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "பேரு? பேரு சொல்லும்யா, சீக்கிரம்!" என்று கத்தினார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார், சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் வரைக்கும் அவர் மறைந்து, அந்த இடத்தில் மரத்தின் வேர் தெரிந்தது.

"சொரிமுத்து" என்றாள் உலகம்மாள். யோசித்து வைத்த பெயரில்லை, வாயில் வந்தது.

"தகப்பனார் பேரு?"

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள், மாப்பிள்ளை நல்லபெருமாளைப் பார்த்தார். நல்லபெருமாள் மாப்பிள்ளையை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதினவன் நான்தானே, என் பேரையே போட்டுக்கிடுதேன்" என்று எழுதினார். "விலாசம்?"

"பதினாலு, வாகையடித் தெரு. மாடி அறை, குடியிருக்காரு" என்றாள் உலகம்மாள்.

"நம்ம வீட்டு மாடியா?" என்றான் குத்தாலிங்கம் மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து.

"நான்தான் வச்சிருக்கேன்" என்றார் ஆவுடையப்பன். "நீ சும்மா கெட."

அவருக்கென்று கையெழுத்து ஒன்று இல்லாததால் விரலை மையில் அழுத்தித் தாளில் பதித்தார்கள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். எட்டு நாள் செப்புக் கம்பி ஓடி ஓடி அறுத்த கோடுகள், மெல்லிசாக, வளைந்து வளைந்து, ஒரு காயிலைச் சுற்றினாற்போல அந்த விரலில் விழுந்திருந்தன, தாளில் கறுப்பாக ஒரு ரேகை பதிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவருக்கு முகம் இருந்தது. முன்நெற்றி ஏறிய, வலப்பக்கப் பல் ஒன்று தெற்றிய, இடது காதுக்குக் கீழே ஒரு மறு உள்ள, ஐம்பது வயது மதிக்கத்தக்க முகம், யார் வீட்டு மாப்பிள்ளை சாயலும் அதில் இல்லை. முழங்காலுக்குக் கீழேயும் அவர் இருந்தார், செருப்பு மட்டும்தான் போனது போனதுதான்.

நல்லபெருமாளுக்குப் பிள்ளையில்லை. அவர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து சொரிமுத்துவின் தோளில் கை வைத்து, "வா, செருப்பு வாங்கித் தாரேன்" என்று கடைத்தெருப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அன்று அவர் வேறு பத்திரம் எழுதவில்லை.

மத்தியானம் பதினான்காம் எண்ணில் சாப்பாடு நடந்தது. குத்தாலிங்கம் முறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தான், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான், ஷோரூம்காரனுக்கு நான் என்ன பதில் சொல்ல என்று மட்டும் முனகினான். உலகம்மாள் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்து, பாதியில் நின்ற காயிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

கடைக்குள்ளிருந்து பார்த்தாலே வாசல் தெரியும். புதுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, படிக்குக் கீழே, வெயிலில், சொரிமுத்து நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் இன்னொரு தடவை தட்டிவிட்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருக்கிற உலகம்மாளிடம், இந்த நாற்பத்தெட்டு வருஷத்தில், உள்ளே வரலாமா என்று யாரும் கேட்டதில்லை. வந்தவர்கள் அப்பா இருக்காரா என்பார்கள், அண்ணன் எப்போ வருவான் என்பார்கள், நேராக உள்ளே போவார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது, இந்தத் தடவை வார்னிஷ் மேல் பழி போடத் தோன்றவில்லை. உடனே பதில் சொல்லிவிட மனமில்லாமல், அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கவிட்டு அனுபவித்தாள்.

"யாரு?" என்றாள், தெரியாதது போல.

"சொரிமுத்து. மாடியில குடியிருக்கேன்."

"வாங்க" என்றாள் உலகம்மாள். "வந்து கம்பியைப் பிடிங்க."